மெய்நிகர் உலகில் அகமும் புறமும்

மனித வாழ்க்கையைப் பண்டைத் தமிழர் அகம், புறம் என இரு கூறாகப் பகுத்து நோக்கினர். உள்ளத்தே நிகழ்வது, நுகர்ந்தாரன்றிப் பிறர் இன்னதென அறிதற்கு இயலாதது அகம். உலகோர் அறிய நிகழ்வது, பெயரும் ஊரும் சுட்டிப் பேசப்படுவது புறம். இப்பகுப்பு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் வீதிக்கும் இடையே ஒரு கதவு உண்டு. அக்கதவைத் திறப்பதும் அடைப்பதும் வீட்டிலுள்ளோர் கையில் இருக்கும்வரை அகமும் புறமும் தத்தம் எல்லையில் நிற்கும். இக்காலத்திற் கணினி ஆக்கித் தந்துள்ள மெய்நிகர் உலகங்களில் அக்கதவு யார் கையில் உள்ளது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

மெய்நிகர் உலகம் என்பது யாது? கணினிகள் பல இணைந்து ஆக்கும் கற்பனை இடம் அது. வீதியும் மண்டபமும் கடலும் காடும் அங்கு உண்டு. உட்புகுவோர் தமக்கென ஓர் உருவைத் தெரிந்தெடுத்து, அதன் வாயிலாக நடப்பர், பேசுவர், பிறருடைய உருக்களைக் காண்பர். நூலை வாசிப்பவனும் திரைப்படம் பார்ப்பவனும் கற்பனை உலகின் புறத்தே நின்று அதனைக் காண்கின்றனர். இங்கோ காண்பவனே காணப்படுபவனும் ஆகின்றான். இவ்வொரு வேற்றுமையிலிருந்து மூன்று வினாக்கள் எழுகின்றன. ஒருவனைப்பற்றிப் பிறர் அறியக்கூடியது எவ்வளவு? அவனைக் காண்போர் யாவர்? அவனுடைய உருவை இயக்குவது யார்? முதலாவது அந்தரங்கத்தையும், இரண்டாவது வெளிப்பாட்டையும், மூன்றாவது செயலுரிமையையும் பற்றியன.

இத்தகைய உலகங்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தார் ‘ஹபிட்டாட்’ என்னும் உலகொன்றை அமைத்தனர். சிப் மோர்னிங்ஸ்டார், ரண்டல் பார்மர் என்னும் இருவர் அதனை வகுத்தோருள் முதன்மையானோர். கொமடோர் 64 என்னும் சிறு கணினியைத் தொலைபேசி வழியே இணைத்து மக்கள் அதனுட் புகுந்தனர். 1990இல் சிரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பவெல் கேர்ட்டிஸ் என்பவர் ‘லாம்டாமூ’ என்னும் உலகைத் தொடக்கினார். அங்கே படம் கிடையாது. இடமும் உருவும் செயலும் யாவும் எழுத்தாலேயே புனையப்பட்டன. 2003இல் லிண்டன் லாப் நிறுவனத்தின் ‘செக்கண்ட் லைப்’ திறக்கப்பட்டது. 2007இல் இலங்கையின் அயல்நாடாகிய மாலைதீவு, உலக நாடுகள் எவற்றுக்கும் முந்தி, அவ்வுலகில் ஒரு தூதரகம் அமைத்தது. 2021 ஒக்டோபரில் முகநூல் நிறுவனம் தன் பெயரை ‘மெட்டா’ என மாற்றிக்கொண்டபோது இவ்வுலகங்களைப் பற்றிய பேச்சுப் பத்திரிகைகள்தோறும் பரவியது.

ஹபிட்டாட்டை வகுத்தோர் திரையில் ஒருவனைக் குறிக்கும் உருவுக்கு ‘அவதார்’ எனப் பெயரிட்டனர். வடமொழி ‘அவதாரம்’ என்னும் சொல்லே அது. இறங்குதல் என்பது அதன் பொருள். வைணவ மரபில் இச்சொல்லுக்கு நுண்ணிய வரையறை ஒன்று உண்டு. இறைவன் தன் விருப்பத்தால் உருவெடுத்து வருவது அவதாரம். உயிர் தான் செய்த வினையின் வயப்பட்டு உடல் எடுப்பது பிறவி. இரண்டிலும் உடல் உண்டெனினும், முன்னையதில் உருவெடுப்போனே தலைவன். பின்னையதில் வினையே தலைமை பெறுகின்றது. கணினி உலகத்துக்கு இச்சொல்லைக் கொண்டுசென்றோர் இவ்வேற்றுமையை எண்ணினரோ இலரோ, இப்பொருளை விளக்குவதற்கு அது பெரிதும் துணைசெய்கின்றது. ஒருவன் தன் விருப்பால் எடுத்த உரு எந்த அளவுக்கு அவன் விருப்பின்வழி நிற்கின்றது, எவ்விடத்திற் பிறர் வயப்பட்டுப் பிறவிபோல் ஆகின்றது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஹபிட்டாட்டிலேயே இவ்வினாவுக்கு ஒரு தொடக்க விடை காணப்பட்டது. அங்கே ஒருவன் தன் உருவை மறைத்துப் பேயுருவாகவும் நிற்கலாம். பேயுரு பிறர் பேசுவதையும் செய்வதையும் காணும்; ஆயினும் தான் ஒன்றும் செய்தல் இயலாது. அன்றியும், பேயுரு அவ்விடத்து உண்டென்பதைத் திரையில் ஒரு சிறு குறி அறிவித்தது. மறைந்து நின்று காண்பவன் இருக்கின்றான் என்பதைக் காணப்படுவோர் அறிந்துகொள்ள வழி இருந்தது. எளிய கணினியொன்றிற் படம் வரைவதே அரிதாயிருந்த காலத்தில் இவ்வளவு நாகரிகம் பேணப்பட்டமை வியத்தற்குரியது. பிற்காலத்துப் பேருலகங்களிற் காட்சி வளர்ந்தது. மறைந்து நிற்போரை அறிவிக்கும் அக்குறியோ அதனோடு ஒப்ப வளரவில்லை.

இனி, மறைந்த பெயரோடு பிறிதோர் உலகிற் புக மக்கள் விரும்புவது ஏன் என்பதை ஆராய்தல் வேண்டும். தீயோர் மட்டுமே பெயரை மறைப்பர் என்பது பலர் கருத்து. அக்கருத்து முழுதும் பொருந்தாது. திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சல்லியை எடுத்துக்கொள்ளலாம். முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அச்சிற்றூர் கடற்றொழிலைச் சார்ந்து வாழ்வது. இத்தகைய ஊரில் ஓர் இளைஞன் வீதியில் நடந்தால் அவன் இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன பரீட்சையில் இத்தனை பாடம் சித்தியடைந்தவன் என்பதெல்லாம் எதிர்ப்படுவோர்க்கு முன்னரே தெரியும். அவ்வறிவு அவனுக்கு அரணும் ஆகும். நோய் வந்தால் ஊர் கூடும். கடலுக்குச் சென்றவன் திரும்பத் தாழ்த்தால் கரையிற் பலர் காத்து நிற்பர். ஆயினும் அதே அறிவு சில வேளை அவனைக் கட்டியும் வைக்கின்றது. நேற்றுத் தோற்றவன் இன்று வேறொருவனாக முயல்வதற்கு ஊரார் கண் எளிதில் இடங்கொடாது.

பெண்ணுக்கு இக்கட்டு மேலும் இறுக்கமானது. அகப்பொருள் இலக்கணம் அம்பல், அலர் என்னும் இரண்டைக் கூறும். சிலர் தம்முள் மெல்லப் பேசிக்கொள்வது அம்பல். அது பலர் வாயிலும் விரிந்து பரவுவது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர். அலர் எழுந்தபின் தலைவி வீட்டினுள் வைக்கப்படுவாள். அதனை இற்செறிப்பு என்பர். பேசியவர் பலர், விளைவை நுகர்பவளோ ஒருத்தி. அவ்வொழுக்கத்தின் சுவடு கிராமங்களில் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

தானே செல்ல இயலாத இடத்துக்குத் தன் பொருட்டு ஒன்றைச் செலுத்தும் விருப்பம் இந்நிலையிற் பிறப்பது இயல்பு. தூது என்னும் இலக்கிய வகை இவ்விருப்பத்தின்மேல் எழுந்ததேயாம். அன்னமும் முகிலும் கிளியும் நெஞ்சும் செல்ல, செலுத்தியவர் இருந்த இடத்திலேயே இருப்பர். திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் வெளியிட்ட ‘தத்தைவிடு தூது’ பெண்ணின் உரிமையைப் பேசும் பொருட்டு இப்பழைய வடிவத்தை எடுத்தாண்டமை தற்செயலானதன்று. மெய்நிகர் உலகத்து உருவும் ஒரு வகைத் தூதே. அதனை அனுப்பியவள் வீட்டினுள் இருக்கின்றாள். அவள் உரு கடல்கடந்த மண்டபத்தில் நின்று பேசுகின்றது. கால் இழந்தோன் அங்கே நடக்கின்றான். திக்குவாய் உடையோன் எழுத்தால் தடையின்றி உரையாடுகின்றான். சிறுமை என்று தள்ளத்தக்க நன்மைகள் அல்ல இவை. ஆதலின், இவ்வுலகங்களை அடியோடு விலக்குக எனக் கூறுவோர் அவை சிலர்க்கு அளிக்கும் விடுதலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயரை மறைத்தல் வேறு, ஒன்றையும் வெளியிடாது இருத்தல் வேறு என்பதைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. அன்பின் ஐந்திணைப் பாட்டுக்களில் தலைவன் தலைவியருடைய இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. அப்பாட்டுக்களில் உள்ளத்து உணர்ச்சி ஒளிவின்றி வெளிப்படும். உரியவர் இன்னார் என்பது மட்டும் மறைந்திருக்கும். இதனால் இரு பயன் விளைந்தன. உணர்ச்சி எல்லார்க்கும் பொதுவாயிற்று. உரியவர்க்கு அலர் நேராதாயிற்று. அந்தரங்கம் என்பது வாய்மூடி இருத்தல் என்று கருதுவோர்க்கு இவ்விதி தக்க விடையாகும். எதனை வெளியிடுவது, எதனை நிறுத்திக்கொள்வது எனத் தேரும் உரிமையே அந்தரங்கம்.

அவ்விதியின் நுட்பத்தை விளக்க ஒரு வழக்குப் போதும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பிரிந்த தலைவியின் துயரையும் பாசறையில் உள்ள தலைவனையும் பாடுவது. பொருளை நோக்கின் அது அகம் போலவே தோன்றும். பாட்டில் எவர் பெயரும் சொல்லப்படவில்லை. ஆயினும் தலைவனோடு செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருந்ததாக ஒரு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பாலே தலைவன் பாண்டிய மன்னன் என்பது வெளியாகின்றது. ஆகவே அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என நச்சினார்க்கினியர் உரைத்தார். பெயரை மறைத்தும் ஒரு தழை ஆளைக் காட்டிக்கொடுத்தது. பெயரைச் சொல்லாமை மட்டும் மறைவாகாது. பெயருக்கு ஒப்பான குறி எதுவும் வெளிப்படாதபோதே மறைவு நிறைவுறும்.

இவ்வுண்மையை இக்காலத்து ஆராய்ச்சி வேறொரு வழியால் நிறுவியுள்ளது. கண்ணை மூடித் தலையில் அணியும் காட்சிக்கருவியைப் பூண்டு மெய்நிகர் உலகிற் புகுவோனுடைய தலையும் இரு கைகளும் எவ்வாறு அசைகின்றன என்பதைக் கருவி இடைவிடாது அளக்கின்றது. அளந்தாலன்றி அவன் திரும்பும் திசைக்கேற்பக் காட்சியை மாற்ற இயலாது. ஆகவே இவ்வளவை கருவியின் தொழிலுக்கு இன்றியமையாதது. ஆனால், அசைவுக்கும் ஆளுக்கும் தொடர்பு உண்டு. ஒருவனுடைய உயரம், கையின் நீளம், மணிக்கட்டைச் சுழற்றும் விரைவு, வலக்கையோ இடக்கையோ முந்துவது முதலியன கூடி அவனுக்கே உரிய ஒரு முத்திரையாகின்றன.

2020இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 511 பேர் பங்குபற்றினர். ஒவ்வொருவரிடமும் 5 நிமிடத்துக்கும் குறைந்த நேரத்துப் பதிவு கொண்டே 100க்கு 95 பேரைக் கணினி இனங்கண்டது. 2023இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்தோர் முன்னின்று நடத்திய ஆய்வு இதனினும் பெரிது. இசைக்கேற்ப எதிர்வரும் கட்டைகளை வாளால் வெட்டும் ‘பீட் சேபர்’ என்னும் விளையாட்டை ஆடிய 55,541 பேரின் பதிவுகள் அதில் எடுக்கப்பட்டன. முன்னர்ப் பதிந்த அசைவோடு ஒப்பிட, 100 வினாடி அசைவு கொண்டே 100க்கு 94க்கு மேற்பட்ட அளவில் ஆள் இன்னார் என அறிய முடிந்தது. 10 வினாடியே கிடைத்தபோதும் அவ்வளவு 73ஆக இருந்தது. முன்பதிவு இல்லாத ஒருவனை இம்முறையாற் கண்டுகொள்ள இயலாது என்பது உண்மையே. ஆயினும், ஒருமுறை ஓரிடத்தில் தன் பெயரோடு புகுந்தவன், பின்னர் வேறோரிடத்திற் பெயரை மாற்றி, உருவை மாற்றி, ஆணெனில் பெண்ணுருவும் எடுத்துப் புகுந்தாலும், அவன் கை அவனைக் காட்டிக்கொடுத்தல் கூடும். கையசைவே வேப்பந்தழையாகின்றது.

அத்தகைய காட்சிக்கருவி இலங்கைக் கிராமங்களில் இன்னும் அரிது. அதனால் இவ்விடர் தொலைவில் உள்ளதென எண்ணிவிடலாகாது. இங்குள்ள சிறுவர் கைத்தொலைபேசி வழியாகவே கூட்டு விளையாட்டு உலகங்களிற் புகுகின்றனர். ‘பப்ஜி’, ‘ப்ரீ பயர்’, ‘ரோப்லொக்ஸ்’ என்னும் பெயர்களை அறியாத வகுப்பறை இன்று அரிது. அங்கும் உரு உண்டு, கூட்டாளிகள் உண்டு, அறியாதாரோடு குரலாற் பேசும் வழியும் உண்டு. பேசும் குரலும் வழக்குச் சொல்லும் ஊரைக் காட்டும். விளையாட வரும் நேரம் பாடசாலை விடும் நேரத்தைக் காட்டும். பின்னணியிற் கேட்கும் கோயில் மணி வீட்டின் அயலைக் காட்டும். பெயரை மறைத்துவிட்டதாக நம்பும் சிறுவன் வேலிற் கட்டிய தழைகளோடு நிற்கின்றான்.

இதுவரை கூறியவை பிறர் காண்பது பற்றியன. இனிச் செய்வது பற்றி நோக்குவாம். மூன்றாம் வேற்றுமைப் பொருளாகிய கருத்தாவை இலக்கண நூலார் இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இருவகைப்படுத்துவர். தச்சனாற் கட்டப்பட்ட கோயில் என்புழித் தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசனாற் கட்டப்பட்ட கோயில் என்புழி அரசன் ஏவுதற் கருத்தா. மெய்நிகர் உலகில் இயற்றுவது உரு; ஏவுபவன் வீட்டிலிருக்கும் மனிதன். இவ்விரண்டுக்கும் இடையே பிறனொருவன் புகுந்து, ஏவுதலைத் தான் கைக்கொள்வானாயின் நிகழ்வது யாது? 1993இல் லாம்டாமூவில் நிகழ்ந்த கொடுமை இதற்கு விடை.

அவ்வுலகிற் புகுந்த ஒருவன் ‘சூனியப் பாவை’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு கணினிக் கட்டளைத் தொகுப்பைக் கையாண்டான். அதன் வலியால் பிறருடைய உருக்கள் தாம் விரும்பாத இழிசெயல்களைத் தாமே செய்வனபோல், கூடியிருந்தோர் எல்லாரும் வாசிக்குமாறு, எழுத்துத் தோன்றியது. உருவுக்குரியோர் தத்தம் வீட்டில் விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தனர். தம் பெயரால் நிகழ்வதைத் தடுக்க மாட்டாது வாசித்தனர். எவருடைய உடலிலும் காயம் இல்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர், நிகழ்ந்ததைப் பிறர்க்கு எழுதி அறிவித்தபோது கண்ணீர் வடித்ததாக ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் அவ்வாண்டு டிசம்பரில் நியூ யோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அக்கட்டுரை இப்பொருளை ஆராய்வோர் யாவரும் எடுத்தாளும் ஒன்றாயிற்று.

அக்கண்ணீருக்குக் காரணம் யாது? ஒருவரை வைதல் ஒரு தீங்கு. அவர் மறைவை வெளியிடுதல் மற்றொரு தீங்கு. இதுவோ அவ்விரண்டினும் வேறானது. அவர் செய்யாததை அவரே செய்ததாகப் பலர் முன் காட்டுதல் இது. வினை பிறனுடையது, வினைமுதலாகத் தோன்றுபவரோ பாதிக்கப்பட்டவர். தோற்பாவைக் கூத்திற் பாவைக்கு உள்ளம் இல்லை. ஆதலின் நூலை யார் பிடித்தாலும் பாவைக்குத் துயரில்லை. மெய்நிகர் உருவுக்குப் பின்னே உள்ளம் உண்டு. ஆகவே நூல் கைமாறும்போது அவ்வுள்ளம் புண்படுகின்றது.

இதன் பின்விளைவும் கற்கத்தக்கது. அவ்வுலகத்தார் ஏறத்தாழ 30 பேர் ஓரிடத்திற் கூடி மூன்று மணி நேரம் வாதித்தும் முடிவு காணவில்லை. பின்னர், அவ்வுலகை ஆளும் ஆற்றல்பெற்ற ஒருவர் தாமே துணிந்து குற்றவாளியின் உருவை அழித்தார். அவனோ பிறிதோர் உருவெடுத்து மீண்டும் வந்தான். பவெல் கேர்ட்டிஸ் அதன்பின் விண்ணப்பமும் வாக்கெடுப்பும் கொண்ட ஒழுங்கை அங்கே ஏற்படுத்தினார். காவலும் நீதியும் இல்லாத ஊர் கற்பனை ஊராயினும் நிலைபெறாது என்பதை அவ்வுலகத்தார் பட்டறிந்தனர்.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து அதே பாடம் மீண்டும் படிக்கப்பட்டது. மெட்டா நிறுவனத்தின் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ என்னும் உலகில் தம் உருவைப் பிறர் உருக்கள் நெருங்கித் தொட்டுத் துன்புறுத்தியதாகப் பெண்கள் முறையிட்டனர். 2022 பெப்ரவரி 4ஆம் நாள், ஒவ்வோர் உருவையும் சூழ ஏறத்தாழ 4 அடி இடைவெளியை வற்புறுத்தும் ஏற்பாடொன்றை அந்நிறுவனம் புகுத்தியது. முதலில் அது எல்லார்க்கும் ஒரே தன்மையாய் விதிக்கப்பட்டது. அடுத்த மாதம், எவர்க்கு எவ்வளவு நெருக்கம் தருவது என்பதைப் பயனாளரே தெரிந்துகொள்ளுமாறு மாற்றப்பட்டது. இவ்விரண்டாம் மாற்றமே சிறப்புடையது. சுவர் கட்டிக் கொடுத்தல் காவல். கதவைக் கையில் கொடுத்தல் உரிமை.

அவ்வேற்பாடு வந்து இரண்டு நாள் கழிந்தபின், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு திருமணம் நடந்தது. பெருந்தொற்றினால் விருந்தினர் தொகைக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மணமக்கள் ஊரில் மணமுடித்து, வரவேற்பை மெய்நிகர் மண்டபம் ஒன்றில் நடத்தினர். உற்றாரும் நண்பரும் தத்தம் ஊரில் இருந்தவாறே உருவெடுத்து அங்கே வந்தனர். மணமகளின் தந்தை அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அவருடைய உருவும் அம்மண்டபத்தில் தோன்றியது. தந்தையின்றி மணவறை ஏறும் மகளுடைய ஏக்கத்தை அறிந்தோர் எவரும் அதனைக் குறைகூறத் துணியார். இறந்தார் படத்துக்கு மாலையிட்டு அதன் முன் ஆசி வேண்டுவது தமிழர் இல்லந்தோறும் உள்ள வழக்கம். அதன் நீட்சியே இது எனக் கொள்வாரும் உளர்.

ஆயினும் படத்துக்கும் உருவுக்கும் வேற்றுமை உண்டு. படம் அசையாது, உரு அசையும், வேண்டுமாயின் பேசவும் செய்யும். அசைவையும் பேச்சையும் கொடுப்பவர் உயிரோடிருப்போர். 2018இல் காலமான தமிழக முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதியின் உரு 2024 ஜனவரியில் நூல் வெளியீட்டு விழா ஒன்றில் திரையிற் தோன்றி உரையாற்றியது. கணினியால் ஆக்கப்பட்ட அவ்வுரையில் அவர் ஒருபோதும் சொல்லாத சொற்கள் அவர் குரலில் ஒலித்தன. கூட்டத்தார் அதனை விரும்பிக் கேட்டனர். அங்கே வஞ்சனை இல்லை. ஆக்கம் கணினியுடையது என்பதை யாவரும் அறிவர். எனினும் கருத்தா யார் என்னும் இலக்கண வினா அங்கேயும் எழுகின்றது. உயிரோடிருப்பவர் தம் பெயரால் நிகழ்வதை மறுத்துரைக்கலாம். இறந்தார்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. மகளுடைய அன்பு தந்தையின் உருவுக்குக் காவலாய் நின்றது. அன்பில்லாதார் கையில் அதே உரு அகப்படின் அதற்குக் காவல் யாது?

சட்டம் ஓரளவு காவலாகலாம். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. இலங்கையின் அரசியலமைப்பில் அது தனியோர் அடிப்படை உரிமையாக எடுத்தோதப்படவில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய தொரு குறையை நிரப்ப முற்பட்டது. தன்னைப்பற்றிய தரவை அறியவும், திருத்தவும், நீக்கக் கோரவும், கொடுத்த இசைவை மீட்டுக்கொள்ளவும் அது வழிவகுத்தது. உடலளவைத் தரவையும் சிறுவரைப்பற்றிய தரவையும் சிறப்புக் காவலுக்குரியனவாக வகுத்தது. அன்றியும், தரவுக்கு உரியவர் என்னும் சொல்லின் வரைவிலக்கணத்துள் உயிரோடிருப்பவரோடு இறந்தவரையும் அது சேர்த்தது. அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்னர் ஒத்திவைக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

சட்டம் காவலாவதுபோலக் கட்டாகவும் மாறலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பிறரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுதலைக் குற்றமாக்கியது. இது நன்று. ஆனால், அதே சட்டம் கருத்துரைக்கும் உரிமையை நெருக்கும் எனப் பலர் அதனைக் கண்டித்தனர். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் அரசாணையால் தடுக்கப்பட்டன. 2020 செப்டெம்பரில் இந்திய அரசு, தரவுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. தடைக்குத் தக்க காரணம் இருக்கலாம். ஆயினும், பயனாளன் ஆண்டுக்கணக்கில் வளர்த்த உரு ஓரிரவில் எட்டாததாகி விடுகின்றது. அவனை எவரும் கேட்பதில்லை. நிறுவனம் தன் விருப்பால் உலகை மூடினும் அவ்வாறே. அங்கே எடுத்த உருவுக்கு அவன் உரிமையாளன் அல்லன், குடியிருப்பாளனே என்பது அப்பொழுதுதான் அவனுக்குத் தெளிவாகின்றது.

ஆகவே, சட்டத்தோடு கல்வியும் வேண்டப்படும். வீதியிற் செல்லும் பிள்ளைக்கு வாகனத்தைப் பார்த்துக் கடக்கப் பெற்றோர் கற்பிக்கின்றனர். கடலில் இறங்கும் பிள்ளைக்கு நீரோட்டத்தைக் கற்பிக்கின்றனர். சல்லிக் கரையில் வளரும் சிறுவனைக் கடலை அஞ்சி வீட்டினுள் அடைத்துவைப்பார் இலர்; கடலை அறியாமல் இறங்கவிடுவாரும் இலர். மெய்நிகர் உலகுக்கும் அதுவே நெறி. உட்புகுமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். இக்கருவி என்னிடமிருந்து எதனை அளக்கின்றது? நான் காணாத எவர் என்னைக் காண்கின்றார்? என் உருவை நான் நிறுத்த நினைத்தபோது நிறுத்த முடியுமா? விளையாட்டின் அமைப்புப் பக்கத்திலேயே இவற்றுக்குரிய விடைகளிற் பாதி கிடைக்கும். ஒலிவாங்கியை அடைத்தல், அறியாதார் அழைப்பை மறுத்தல், இருக்குமிடம் காட்டுவதை நிறுத்தல் என்னும் மூன்றையும் ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் தம் பங்கில் ஒன்றை உணர்தல் வேண்டும். மெய்நிகர் உலகில் ஒரு பெண்பிள்ளை துன்புற்று வந்து முறையிடும்போது, கைத்தொலைபேசியைப் பறித்துக்கொள்வதே முதற்செயலாகி விடுகின்றது. தீங்கிழைத்தவன் அவ்வுலகில் உலவிக்கொண்டிருக்கத் தீங்குற்றவள் வெளியேற்றப்படுகின்றாள். இது புதிய உருவில் வந்த இற்செறிப்பு. இதனை அறிந்த பிள்ளை அடுத்தமுறை முறையிடாள். அவள் வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நாளும் தீயோன் கை ஓங்கும். அவள் சொல்வதைக் கேட்டு, நிகழ்ந்ததற்குச் சான்றைப் பேணி, உரியோரிடம் முறையிட்டு, அவள் மீண்டும் அச்சமின்றிப் புகும் வழியைச் செய்து கொடுப்பதே அவளைக் காப்பதாகும்.

தொகுத்துக் கூறின், மெய்நிகர் உலகில் மறைவு பெயரோடு முடிவதன்று. அசைவும் குரலும் நேரமும் பெயராகின்றன. காட்சி ஒருதலையாய் இருத்தல் ஆகாது. காண்போர் உளர் என்பதைக் காணப்படுவோர் அறிதல் வேண்டும். செயல் எவருடைய பெயரால் நிகழ்கின்றதோ அவருடைய இசைவின்வழி நிகழ்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த உலகில் ஒருவன் எடுக்கும் உரு உண்மையில் அவதாரம் எனப்படும். இவை அமையாத உலகிற் புகுவோன் பிறர் வினைக்கு ஆட்பட்டுப் பிறந்தவனை ஒப்பான். கருவிகள் ஆண்டுதோறும் மாறும்; உலகங்கள் தோன்றி மறையும். தன் அகத்தின் கதவைத் தானே திறக்கவும் தானே அடைக்கவும் மனிதனுக்குள்ள உரிமை அவற்றோடு மாறுவதன்று. அதனைப் பேணுவது இனி வரும் தலைமுறையின் கல்வியில் ஒரு பாடமாதல் வேண்டும்.